இரண்டு ஓரத்திலிருந்து பார்க்கும் கேமரா

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்க ஊர்ல சுடலைமாடன் கொடை. சாமக்கொடை நேரம் பூடத்துக்கு முன்னால நின்னு புது டிஎஸ்எல்ஆர்ல படம் எடுக்கப் போனா லென்ஸ் கிர்ரு கிர்ருன்னு முன்னயும் பின்னயும் ஓடிச்சு. பட்டனை எவ்வளவு அழுத்தியும் க்ளிக் ஆகலை. பக்கத்துல போன்ல எடுத்தவங்களுக்கு விழுந்துச்சு. 'சாமிக்கு இஷ்டம் இல்லன்னா விழாதுடே'ன்னு பெரியவங்க சொல்லுதாங்க. லென்ஸ் ரிப்பேரா?"

லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. வெள்ளையடித்த பூடம் (சாமியாகக் கும்பிடும் பீடம்), சாம்பிராணிப் புகை, நடுச்சாமம் ஆகிய மூன்றும் சேர்ந்து கேமராவுக்குப் பிடிமானம் இல்லாமல் செய்துவிட்டன. ஒன் ஷாட் முறையில் (நிக்கானில் ஏஎஃப்-எஸ்) வைத்திருந்தால் ஃபோகஸ் உறுதியாகும்வரை ஷட்டர் திறக்காது. அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். போன் அந்தக் கட்டுப்பாட்டை வைத்துக்கொள்வதில்லை, கிடைத்ததை எடுத்துவிடும். கேமரா எதைப் பார்த்து ஃபோகஸ் பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டால், அடுத்த கொடைத் திருவிழாவில் முதல் அழுத்தலிலேயே படம் விழும்.

அடிப்படைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் என்றால் கேனன் இஓஎஸ் 1500டி, நிக்கான் டி3500 மாதிரியான கேமராக்கள். இரண்டும் 2018-ல் வந்தவை, இரண்டிலும் ஏறத்தாழ 24 மெகாபிக்சல். கூடவே பெட்டியில் வருவது 18-55 மி.மீ. கிட் லென்ஸ். அதன் மேல் 3.5-5.6 என்று எழுதியிருக்கும். 18-ல் வைத்தால் துளை எஃப்/3.5 வரை திறக்கும், 55-க்குப் போனால் எஃப்/5.6 வரைதான். இந்த வித்தியாசத்தில் உள்ளே வரும் வெளிச்சம் இரண்டரை மடங்கு குறைகிறது. குவிய தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைக்கும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. 55-ஐ 5.6-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 10 மி.மீ. இந்த 10 மி.மீ. பின்னால் தேவைப்படும்.

லென்ஸைக் கழற்றி உள்ளே பார்த்தால் 45 பாகைச் சாய்வில் ஒரு கண்ணாடி நிற்கும். லென்ஸ் வழியே வரும் காட்சியை அது மேலே திருப்பி வியூஃபைண்டருக்கு அனுப்புகிறது. ஷட்டர் பட்டனை முழுதாக அழுத்தும்போது அது மேலே மடங்க, படம் பதிவாகும் சென்சாருக்கு ஒளி போகிறது. இவ்வளவு எல்லோருக்கும் தெரியும். பலருக்கும் தெரியாத சமாச்சாரம், அந்தக் கண்ணாடியின் நடுப்பகுதி பாதி ஊடுருவக்கூடியது என்பது. ஒளியின் ஒரு பங்கு அதைத் தாண்டிப் பின்னால் போகும். அங்கே தபால்தலை அளவுகூட இல்லாத ஒரு குட்டிக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது அந்த ஒளியைக் கீழே, கேமராவின் அடித்தளத்துக்குத் திருப்பிவிடும். ஃபோகஸ் பிடிக்கிற வேலை முழுக்க அந்த அடித்தளத்தில்தான் நடக்கிறது.

அங்கே நடப்பது என்ன? லென்ஸின் ஒரு ஓரம் வழியே வந்த ஒளியையும், எதிர் ஓரம் வழியே வந்த ஒளியையும் இரண்டு பொடி லென்ஸ்கள் தனித்தனியாகப் பிரிக்கின்றன. ஒரே காட்சி இரண்டு படங்களாகி, ஒரு கோடு போல நீண்ட உணரியின் மேல் பக்கம் பக்கமாக விழுகிறது. ஃபோகஸ் சரியாக இருந்தால் இரண்டு படங்களுக்கும் இடையே ஒரு குறிப்பிட்ட இடைவெளி இருக்கும். பிம்பம் சென்சாருக்கு முன்னாலேயே குவிந்துவிட்டால் இடைவெளி சுருங்கும், சென்சாரைத் தாண்டிக் குவிவதாக இருந்தால் விரியும். இடைவெளி எந்தப் பக்கம் மாறியது என்பது லென்ஸை எந்தப் பக்கம் ஓட்ட வேண்டும் என்று சொல்கிறது. எவ்வளவு மாறியது என்பது எவ்வளவு தூரம் ஓட்ட வேண்டும் என்று சொல்கிறது. ஒரே பார்வையில் திசையும் அளவும் கிடைத்துவிடுவதால்தான் நல்ல வெளிச்சத்தில் இந்தக் கேமரா சட்டென்று போய் நிற்கிறது. இந்த அமைப்பை முழுதாக உடலுக்குள்ளேயே வைத்து 1985-ல் வந்த மினோல்டா 7000, அதற்குப் பிறகு வந்த எஸ்எல்ஆர் (கண்ணாடி வைத்த) கேமராக்களின் போக்கையே மாற்றியது.

இதை வீட்டிலேயே கண்ணால் பார்க்கலாம், கட்டாயம் பார்க்க வேண்டும். கருப்பு சார்ட் அட்டையில் 3 மி.மீ. அகலத்தில் இரண்டு ஓட்டைகள் போடுங்கள். ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு 6 மி.மீ. இருக்கட்டும். ஓரத்திலிருந்து ஓரம் அளந்தால் மொத்தம் 9 மி.மீ. வரும், மேலே சொன்ன 10 மி.மீ. துளைக்குள் இரண்டும் அடங்கும். அட்டையை லென்ஸின் நடுவில், ஓட்டைகள் இடமும் வலமுமாக இருக்கும்படி ஒட்டுங்கள். லென்ஸை 55-லும் எஃப்/5.6-லும் வைத்து, ஸ்விட்ச்சை எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ் செய்யும் முறை) தள்ளி, லைவ் வியூவை (பின்திரையில் நேரடியாகப் பார்க்கும் முறை) போடுங்கள். டி3500-இன் கிட் லென்ஸில் ஸ்விட்ச் இல்லாவிட்டால் கேமராவின் மெனுவில் எம்எஃப் வையுங்கள். நாலைந்து மீட்டர் தள்ளி, இருட்டில் ஒரு சிறிய எல்இடி புள்ளி வெளிச்சம் திரையின் நடுவில் வரட்டும். ஃபோகஸ் விலகியிருந்தால் ஒரு விளக்கு இரண்டாகத் தெரியும். வளையத்தை மெல்லத் திருப்பினால் இரண்டும் நெருங்கி, ஒட்டி, ஒன்றாகிவிடும். இன்னும் திருப்பினால் மறுபடி பிரியும்.

அடுத்த படிதான் அழகு. இரண்டாகத் தெரியும்போது, கேமராவுக்குப் பின்னால் நின்று பார்க்க இடப்பக்கம் இருக்கும் ஓட்டையை விரலால் மூடுங்கள். திரையில் இடது விளக்கு அணைந்தால், லென்ஸ் விளக்கைவிடக் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகியிருக்கிறது. வலது விளக்கு அணைந்தால், விளக்கைத் தாண்டி எட்டத்தில் நிற்கிறது. இதே இரட்டை ஓட்டைச் சோதனையை மனிதக் கண்ணுக்கு 1619-லேயே எழுதிவைத்தவர் கிறிஸ்டோஃப் ஷைனர் என்ற ஜெர்மானியப் பாதிரியார், சூரியப் புள்ளிகளை ஆராய்ந்த அதே ஷைனர். நானூறு வருடத்துக்கு முந்தைய அந்த அட்டைதான் இன்று கேமராவின் அடியில் இரண்டு பொடி லென்ஸாக உட்கார்ந்திருக்கிறது.

நம் பிளஸ் டூ ஆய்வகங்களில் குவிலென்ஸின் குவிய தூரத்தைக் கண்டுபிடித்து நோட்டில் எழுதிவிட்டு மூடிவைத்துவிடுகிறோம். அதே லென்ஸின் முன்னால் இந்த அட்டையை வைக்க எந்தச் செலவும் இல்லை. கொக்கிரகுளத்து மாவட்ட அறிவியல் மையம் மாதிரியான இடங்களில், ஓடாத ஒரு கேமராவைக் குறுக்கே வெட்டி, இந்தக் குட்டிக் கண்ணாடி தெரியும்படி வைக்க வேண்டும் என்பது என் ஆசை. பெரிய கருவிகளுக்கு நிதி கேட்கிற அதே அழுத்தத்தோடு இந்தச் சின்னக் காரியங்களுக்கும் கேட்க வேண்டும். பிள்ளைகள் ஒளியியலைத் தொட்டுப் பார்ப்பது இங்கேதான்.

இனி, இந்த முறை எங்கே தடுமாறும் என்று பார்ப்போம். இரண்டு படங்களை ஒப்பிட வேண்டுமானால் படத்தில் ஏதாவது விளிம்பு இருக்க வேண்டும். வழவழவென்று வெள்ளையடித்த பூடத்தில் விளிம்பே இல்லை. இரண்டு வெள்ளைத் தாளை அருகருகே வைத்து எது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கேட்பதுபோல ஆகிவிடும். எண்ணெய் ஏறிய கருங்கல் சிலையும் அப்படியே. புகை, இருக்கிற கொஞ்சம் விளிம்பையும் மங்கச் செய்துவிடும். பிடி கிடைக்காதபோது கேமரா லென்ஸை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஓட்டித் தேடுகிறது. வாசகர் கேட்ட "கிர்ரு கிர்ரு" அதுதான்.

விளிம்பு இருந்தாலும் போதாது, அது சரியான திசையில் இருக்க வேண்டும். இதற்குப் பத்தமடைப் பாயைவிட நல்ல சோதனைப் பொருள் கிடையாது. வண்ணக் கோடு போட்ட பாய் ஒன்றைச் சுவரில் தொங்கவிட்டு, கோரையின் இழை தெரியாத அளவுக்கு இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள். வியூஃபைண்டரில் தெரியும் புள்ளிகளில் நடுப்புள்ளியை விட்டுவிட்டு ஓரப்புள்ளி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் புள்ளியில் பாயின் கோடுகள் மட்டும் விழட்டும். பட்டனைப் பாதி அழுத்துங்கள், பிறகு கேமராவை 90 பாகை திருப்பி மறுபடி அழுத்துங்கள். ஒரு நிலையில் உடனே பிடிக்கும், மற்ற நிலையில் திணறும். காரணம் எளிது: உணரி ஒரு கோடு. பாயின் கோடுகள் அதற்கு இணையாக ஓடினால், படம் அந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்தாலும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். குறுக்கே ஓடினால் நகர்வு பளிச்சென்று தெரியும். 1500டி-யில் உள்ள 9 புள்ளிகளிலும், டி3500-இன் 11 புள்ளிகளிலும், நடுப்புள்ளி ஒன்றுதான் கூட்டல் குறி போல இரண்டு திசையிலும் உணரி வைத்தது. நடுப்புள்ளியை நம்புங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வதற்கு அடிப்படை இதுதான்.

இன்னொரு வேடிக்கையும் பாயில் உண்டு. ஒரே அகலத்தில், ஒரே இடைவெளியில் கோடுகள் வந்துகொண்டே இருந்தால், இடது படத்தின் மூன்றாவது கோட்டை வலது படத்தின் நான்காவது கோட்டோடு கேமரா பொருத்திவிடலாம். அப்போது ஃபோகஸ் கிடைத்துவிட்டதாகப் 'பீப்' என்று சொல்லும், படம் மங்கலாக இருக்கும். ஜன்னல் கம்பியிலும் இது நடக்கும். கேமராவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலோ, பாயின் கரையில் வைத்துப் பூட்டினாலோ தீர்ந்தது.

அந்தப் பொடி லென்ஸ்கள் பார்ப்பது எஃப்/5.6 துளைக்குள் அடங்கும் பகுதியை மட்டுமே. கிட் லென்ஸ் 55-ல் எஃப்/5.6-உடன் நிறுத்திக்கொள்வதும் இதுவும் பொருந்திப்போகின்றன. நீங்கள் எஃப்/11 வைத்தாலும் கவலை இல்லை, ஃபோகஸ் பிடிக்கும்போது துளை முழுதாகத் திறந்துதான் இருக்கும், படம் எடுக்கும் கணத்தில்தான் சுருங்கும். ஆனால் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் வாங்கிப் போட்டால் அதன் 28 மி.மீ. அகலத் துளையின் வெளிப்பகுதியை இந்த உணரிகள் பயன்படுத்துவதில்லை. அளக்கும் நுணுக்கம் பழையதுதான், படத்துக்குத் தேவையான நுணுக்கம் மட்டும் கூடிவிடுகிறது. எஃப்/5.6-ல் சென்சாருக்கு முன்னும் பின்னும் ஏறத்தாழ 0.1 மி.மீ., அதாவது ஒரு ஜெராக்ஸ் தாளின் தடிமன் அளவு, ஃபோகஸ் பிசகினாலும் படம் தாங்கும். எஃப்/1.8-ல் அதில் மூன்றில் ஒரு பங்குதான் இடம். புது லென்ஸில் கண் விட்டு மூக்கு தெளிவாக விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குக் கிட் லென்ஸோடு போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. மஞ்சள் மூக்கு நாரை ஒரு மீட்டர் உயரம். 50 மீட்டர் தள்ளி இருந்தால் 55 மி.மீ. லென்ஸில் சென்சார் மேல் அதன் உயரம் 1.1 மி.மீ., கிட்டத்தட்ட 300 பிக்சல். மொத்தப் படத்தின் உயரம் 4000 பிக்சல். 250 மி.மீ. லென்ஸில் அதே நாரை 5 மி.மீ. ஆகிவிடும். சின்ன உருவத்தில் ஃபோகஸ் சிக்கலும் சேரும். வியூஃபைண்டரில் தெரியும் கட்டத்தைவிட உணரி பார்க்கும் இடம் கொஞ்சம் பெரியது. நாரைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கருவேலங்கிளை கறுப்பாக, கூரிய விளிம்போடு இருப்பதால் கேமரா அதைத்தான் பிடிக்கும். பறக்கும் பறவைக்கு, விடாமல் ஃபோகஸைத் திருத்திக்கொண்டே இருக்கும் ஏஐ செர்வோ (நிக்கானில் ஏஎஃப்-சி) வைத்து நடுப்புள்ளியில் தொடருங்கள். அந்த முறையில் ஃபோகஸ் கிடைக்காவிட்டாலும் க்ளிக் ஆகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

லைவ் வியூவில் கண்ணாடி மேலே மடங்கிவிடுவதால் அடித்தள உணரிக்கு ஒளி போகாது. 1500டி மாதிரியான கேமராக்கள் அப்போது சென்சாரில் விழும் படத்தின் கூர்மையைப் பார்த்து, லென்ஸைத் துளித்துளியாக நகர்த்தி, கூர்மை கூடிப் பிறகு குறைந்தால் திரும்பி வந்து நிற்கின்றன. மெதுவான வேலை, ஆனால் படம் விழும் அதே சென்சாரிலேயே பார்ப்பதால் நம்பகமானது.

லென்ஸில் சந்தேகம் வந்தால் இந்த இரண்டு முறைகளையும் ஒன்றுக்கொன்று சாட்சியாக வைக்கலாம். மேசையில் ஸ்கேலை 45 பாகை சாய்த்து, நடுவில் நேராக ஒரு தீப்பெட்டியை நிறுத்துங்கள். கேமரா டிரைபாடில், ஒரு மீட்டர் தள்ளி, 55-ல், எஃப்/5.6-ல். வியூஃபைண்டர் வழியாகத் தீப்பெட்டியில் ஃபோகஸ் பிடித்து ஐந்து படம், ஒவ்வொரு முறையும் வளையத்தைக் கோடிக்கு ஓட்டிவிட்டு. பிறகு லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்து ஒரு படம். ஐந்தும் ஒரே பக்கம் ஒரே அளவு விலகினால், குட்டிக் கண்ணாடியோ உணரியோ நூலிழை பிசகியிருக்கிறது. தொடக்கநிலைக் கேமராக்களில் இதை மெனுவில் திருத்த வழி வைப்பதில்லை. உடலையும் லென்ஸையும் சேர்த்தே சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் விலகினால் கேமரா சரிதான், வெளிச்சம் போதவில்லை.

கேமராவுக்குள் சாய்ந்து நிற்கும் கண்ணாடியைத் துணியால் துடைக்கவே கூடாது. வீட்டுக் கண்ணாடிக்கு ரசம் பின்பக்கம், இதற்கு முன்பக்கம். விரல் பட்டாலே கீறல். வாயால் ஊதினால் எச்சில் துளி நேராக அடித்தள உணரிக் குழியில் போய் உட்காரும். ரப்பர் புளோயரை வைத்து, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ஊதுங்கள். குற்றாலச் சாரலில் எடுத்துவிட்டு வந்தால் ஈரத்தோடு பையில் போட்டு மூடாதீர்கள். துடைத்து, காற்றாட வைத்து, பிறகு சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள். பூஞ்சை லென்ஸின் பூச்சை அரித்துவிட்டால் பழைய நிலைக்கு வராது.

கொடை அன்று சாமக்கொடைக்கு முன்னால், வெளிச்சம் இருக்கும்போதே லென்ஸை 18-ல் வையுங்கள். ஏழெட்டு எட்டு நடந்து 5 மீட்டர் அளந்து, அந்தத் தூரத்தில் உள்ள அரிவாள் விளிம்பிலோ மாலை ஓரத்திலோ நடுப்புள்ளியால் ஃபோகஸ் பிடியுங்கள். உடனே எம்எஃப்-க்கு மாற்றிவிடுங்கள். எஃப்/3.5-ல் அந்த ஒரு ஃபோகஸிலேயே இரண்டரை மீட்டரிலிருந்து எவ்வளவு தூரமானாலும் போதிய தெளிவு இருக்கும். ஜூமையும் வளையத்தையும் தொடாதீர்கள். ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) 3200, ஷட்டர் 1/60 விநாடியில் தொடங்கிப் பாருங்கள். சாமியாடுகிறவர் அசைவில் கலங்கினால் 1/125-க்குப் போய் ஐஎஸ்ஓ-வை 6400 ஆக்குங்கள். கேனனில் உள்பிளாஷைத் தூக்கி வைத்தால் ஃபோகஸுக்காகப் பளிச் பளிச்சென்று அடிக்கும், அதை மடக்கியே வைத்திருங்கள்.