வடை யாருடையது?

பாட்டி வடை சுட்டாள். காகம் ஒன்றைத் திருடிக்கொண்டு மரத்துக்குப் போனது. நரி வந்து, "உன் குரல் எவ்வளவு இனிமை, ஒரு பாட்டுப் பாடேன்" என்றது. காகம் வாயைத் திறக்க, வடை நரிக்குக் கிடைத்தது. கதையின் அடியில் 'முகஸ்துதிக்கு மயங்காதே' என்று அச்சிட்டிருப்பார்கள். திருடிய காகத்துக்குப் புத்திமதி உண்டு, ஏமாற்றிய நரிக்கு வடை உண்டு. முதல் போட்ட பாட்டிக்குத்தான் ஒன்றும் இல்லை.

இந்தக் கணக்கு இடிக்கிறது என்று 1762-லேயே பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோ எழுதிவிட்டார். பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோந்தேன் எழுதிய காகம்-நரிக் கதையை (அங்கே வடைக்குப் பதில் பாலாடைக்கட்டி) 'எமில்' நூலில் வரிவரியாகப் பிரித்துப் போட்டார். குழந்தைகள் காகத்தைக் கேலி செய்கிறார்கள், நரி பக்கம் சேர்ந்துகொள்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. பெரியவர்கள் காட்டுவது காகத்தின் அசட்டுத்தனத்தை. பிள்ளைகள் எடுத்துக்கொள்வது நரியின் சாமர்த்தியத்தை.

ஆங்கிலேயர்களின் ஜாக் கதை இன்னும் மோசம். மாய அவரைக்கொடியில் மூன்று முறை ஏறி, ராட்சதன் வீட்டிலிருந்து தங்கம், பொன் முட்டையிடும் கோழி, தானே பாடும் யாழ் என்று ஒவ்வொன்றாகத் திருடுகிறான் ஜாக். துரத்தி வந்தவனைக் கொடியோடு சாய்த்துக் கொன்றும்விடுகிறான். இது பலரை உறுத்தியிருக்க வேண்டும். 1807-இல் பெஞ்சமின் டாபர்ட் வெளியிட்ட பதிப்பில் ஒரு தேவதை வந்து, 'அதெல்லாம் உன் அப்பாவின் சொத்து, ராட்சதன்தான் பறித்துக்கொண்டான்' என்று விளக்கம் சொல்கிறது. 1890-இல் கதையை மறுபடி எழுதிய ஜோசஃப் ஜேகப்ஸ் அந்தத் தேவதையை வெளியே அனுப்பிவிட்டார். கதை திருட்டுக்குத் தூண்டுகோலாகிவிடுமோ என்ற பயத்தில் செருகியது அது, எனக்கு என் இளம் வாசகர்கள்மேல் அதைவிட நம்பிக்கை உண்டு என்று காரணமும் எழுதி வைத்தார்.

அந்த நம்பிக்கை சரிதானா? குழந்தை உளவியலாளர் ஜான் பியாஜே 1932-இல் வெளியிட்ட நூலில் ஒரு புகழ்பெற்ற கேள்வி வருகிறது. கதவைத் திறந்த ஒரு பையன், பின்னால் இருந்தது தெரியாமல் 15 கோப்பைகளை உடைத்துவிட்டான். இன்னொருவன் திருட்டுத்தனமாக ஜாம் எடுக்க ஏறி ஒரு கோப்பையை உடைத்தான். யார் கெட்டவன்? சிறு பிள்ளைகளில் பலர் 15 கோப்பைக்காரனையே கைகாட்டினார்கள். நோக்கத்தைத் தெளிவாக எடுத்துச் சொன்னால் சிறு குழந்தைக்கும் அது புரியும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனாலும் விளைவுக்கு இருக்கும் இழுப்பு சாதாரணமானதல்ல. ஜாக் கதையின் விளைவோ செல்வமும் இளவரசியும்.

ஒரு கதை குழந்தையின் நடத்தையை உண்மையிலேயே மாற்றுகிறதா என்று உளவியலாளர்கள் காங் லீ, விக்டோரியா தல்வார் முதலியோர் கனடாவில் சோதித்து, 2014-இல் முடிவுகளை வெளியிட்டனர். 3 முதல் 7 வயது வரையான 268 குழந்தைகள். விளையாட்டு எளிது: பின்னால் வைத்த பொம்மை எழுப்பும் ஒலியைக் கேட்டு அது என்ன பொம்மை என்று சொல்ல வேண்டும். நடுவில் ஆய்வாளர், "புத்தகம் எடுத்து வருகிறேன், திரும்பிப் பார்க்கக் கூடாது" என்று சொல்லி ஒரு நிமிடம் வெளியே போவார். பெரும்பாலான பிள்ளைகள் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். ரகசியக் கேமரா அதைப் பதிவு செய்தது. ஆய்வாளர் திரும்பி வந்து ஒரு கதை படித்துக்காட்டிவிட்டு, "திரும்பிப் பார்த்தாயா?" என்று கேட்பார்.

பொய் சொல்லி மூக்கு நீண்ட மரப்பொம்மை பினோக்கியோவும், 'ஓநாய் வருது' என்று பொய்க் கூச்சல் போட்ட இடையனும் ஒரு பயனும் தரவில்லை. பொய்யோடு சம்பந்தமே இல்லாத ஆமை-முயல் கதையைக் கேட்ட பிள்ளைகள் சொன்ன அளவுக்கே இந்தக் கதைகளைக் கேட்டவர்களும் பொய் சொன்னார்கள். வேலை செய்த கதை ஒன்றே ஒன்று. சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு, அப்பாவிடம் ஒப்புக்கொண்டு பாராட்டுப் பெறுவது. அதே கதையை, ஜார்ஜ் பொய் சொல்லிக் கெட்டுப்போவதாக முடிவை மாற்றிப் படித்தபோது அந்தப் பயனும் மறைந்துவிட்டது. (அந்த மரத்தை வாஷிங்டன் வெட்டவே இல்லை. அவர் இறந்த பிறகு, வீம்ஸ் என்ற வாழ்க்கை வரலாற்றாசிரியர் புனைந்த கதை அது. உண்மை பேசக் கற்றுத்தரப் பொய்தான் உதவியிருக்கிறது.)

காரணம் யூகிக்கக்கூடியதே. ஓநாய் தின்றுவிடும் என்று கேட்ட குழந்தைக்குத் தண்டனை உண்டு என்று தெரிகிறது. ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் கதை சொல்லவில்லை. ஏற்கெனவே திரும்பிப் பார்த்துவிட்டு முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தேவைப்படுவது அந்த ஒரு தகவல்தான்.

நரியையும் காகத்தையும் பேசவைப்பதிலும் சிக்கல் இருக்கிறது. டொரன்டோவில் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்துகொள்வதைப் பற்றிய ஒரே கதையை இரண்டு விதமாகப் படித்துக்காட்டினார்கள்: ஒன்றில் மனிதர்கள், மற்றதில் சட்டை போட்ட விலங்குகள். மனிதக் கதையைக் கேட்டவர்கள் பிறகு கூடுதலான ஸ்டிக்கர்களை மற்றக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். விலங்குக் கதையைக் கேட்டவர்களிடம் அந்தத் தாராளம் வரவில்லை.

மூன்று கால் நாய் வரும் ஒரு கார்ட்டூனை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு இன்னும் வேடிக்கை. கதை நேரத்தில் பெரும்பகுதி மற்ற நாய்கள் அதைக் கண்டு பயப்படுவதில் கழிகிறது, கடைசியில்தான் நட்பு. ஊனமுற்றவர்களை ஒதுக்காதே என்பது எழுதியவர்கள் நினைத்த நீதி. சில குழந்தைகளுக்கு நினைவில் நின்றது பயம்தான். வேறு பலர், மூன்று கால் நாய்களிடம் அன்பாக இருக்க வேண்டும் என்பதோடு நின்றுவிட்டார்கள். கதை நாயைப் பற்றியது, ஆகவே நீதியும் நாய்க்குத்தான்.

அதனால் கதைப் புத்தகங்களைத் தணிக்கை செய்யக் கிளம்புகிறவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. கெட்ட நீதியும் நாம் பயப்படும் அளவுக்கு நேரே போய் ஒட்டாது என்றே நினைக்கிறேன். பலன் தருவது வேறொன்று. உளவியலாளர்கள் கேரன் வாக்கரும் டானியா லொம்ப்ரோசோவும் 5, 6 வயதுப் பிள்ளைகளிடம் கதை போகும்போதே, 'இவன் ஏன் இப்படிச் செய்தான்?' என்று கேட்டுப் பார்த்தார்கள். காரணம் சொல்லவைக்கப்பட்ட பிள்ளைகள் கதையின் கருத்தை மற்றவர்களைவிட நன்றாகப் பிடித்தார்கள், வேறு சூழலுக்கும் பொருத்தினார்கள்.

ஜாக் கதையில் நிறுத்திக் கேட்க ஏற்ற இடம், அவன் மூன்றாம் முறை கொடி ஏறும் கட்டம். முதல் முறை வீட்டில் வறுமை. இரண்டாம் முறை, கொண்டுவந்த தங்கம் தீர்ந்துவிட்டது. இப்போது கேட்டபோதெல்லாம் பொன் முட்டையிடும் கோழி கொட்டகையில் இருக்கிறது. இவனுக்கு யாழ் எதற்கு?