மேட்டில் தடுத்த மழை யார் கிணற்றில் ஏறும்?

ஒரு ஹெக்டேர் நிலத்தில் 1 மி.மீ. மழை பெய்தால் 10,000 லிட்டர் தண்ணீர். ஆண்டுக்கு 500 மி.மீ. மட்டுமே பெய்யும் வறண்ட ஊரில்கூட ஹெக்டேருக்கு 50 லட்சம் லிட்டர் விழுகிறது. ஆனால் அதில் பெரும்பங்கு சில நாள் கனமழையாகக் கொட்டி, மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடுகிறது. நீரோட்டத்தின் வேகம் இரு மடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும். அதனால் நீர்வடிப்பகுதித் திட்டத்தில் (ஒரே ஓடைக்கு மழைநீர் வடியும் நிலம் முழுவதையும் சேர்த்துப் பார்க்கும் திட்டம்) முதல் வேலை ஓட்டத்தின் வேகத்தைக் குறைப்பதுதான். முகட்டில் சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வெட்டும் சம உயர அகழிகள், சரிவில் கல் வரப்புகள், அதன் பிறகே ஓடையில் தடுப்பணையும் கசிவுநீர்க் குட்டையும். மேட்டை விட்டுவிட்டுப் பள்ளத்தில் அணை கட்டினால் அது வண்டலால் நிரம்பிப்போகும்.

சிக்கலும் இந்த வரிசையில்தான் இருக்கிறது. அகழி வெட்டிய சரிவில் புல் வளரும்வரை ஆடு மாடுகளை விடக்கூடாது. மேய்ச்சலை இழப்பவர் பெரும்பாலும் நிலமற்றவர். தண்ணீர் ஏறுவதோ பள்ளத்தில் கிணறு வைத்திருப்பவருக்கு. யார்மீதும் குற்றமில்லை, தண்ணீர் கீழ்நோக்கித்தானே போகும். ஆனால் பலன் எதுவும் வராதவர் எதற்காகக் காவல் காக்க வேண்டும்?

1970களில் சுகோமாஜ்ரி கிராமம் இதற்கு ஒரு விடை கண்டது. ஹரியானாவின் சிவாலிக் அடிவாரத்திலுள்ள ஊர் அது. அங்கிருந்து அரித்துவந்த மண் சண்டிகரின் சுக்னா ஏரியைத் தூர்த்துக்கொண்டிருந்தது. பி.ஆர். மிஸ்ரா தலைமையிலான மண்வள ஆய்வாளர்கள் சிறு மண் அணைகளைக் கட்டினார்கள். அணைநீரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சமபங்கு என்று ஊர் விதி வகுத்தது. நிலமற்றவருக்கும் பங்கு உண்டு, வேண்டாமென்றால் விற்றுக்கொள்ளலாம். பங்கு கைக்கு வந்ததும் மலையை மேய்ச்சலிலிருந்து காப்பது அவர்கள் வேலையாகவே ஆனது, முள்வேலி தேவைப்படவில்லை. பொறியியல் நுட்பத்தைவிட இந்தப் பங்கீட்டு விதியே பெரிய கண்டுபிடிப்பு என்பேன்.

இன்னொரு பாதி கண்ணுக்குத் தெரியாமல் பாறைக்குள் நடக்கிறது. தக்காணத்தின் கடும்பாறைப் பகுதிகளில், விரிசல்களிலும் சிதைந்த பாறையிலும்தான் நிலத்தடி நீர் தங்கும். நீர் கொடுக்கும் இடம் பாறைப் பருமனில் 1 சதவீதம் என்று கொண்டால், வெறும் 10 மி.மீ. நீர் உள்ளே இறங்கினாலே கிணற்றில் 1 மீட்டர் ஏறும். ஊரே மகிழும். ஆனால் அந்த ஒரு மீட்டரும் அதே 10 மி.மீ.தான். நான்கு பேர் புதிதாக ஆழ்துளைக் கிணறு போட்டுக் கரும்பு நட்டால் ஏறிய வேகத்திலேயே இறங்கிவிடும். தடுப்பணை வரவைத்தான் கூட்டும், செலவைக் கட்டுப்படுத்தாது.

மகாராஷ்டிரத்தின் ஹிவ்ரே பஜார் கைவைத்தது செலவில்தான். பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது, கரும்பும் வாழையும் கூடாது என்று கிராமசபை முடிவெடுத்தது. ஆண்டுதோறும் பெய்த மழையையும் கிணற்று மட்டத்தையும் அளந்து, குடிநீருக்கு ஒதுக்கியது போக மிச்சத்துக்கு என்ன பயிர் என்று கணக்குப் போடுகிறார்கள். மழை குறைந்த ஆண்டில் சாகுபடியும் சுருங்கும். அதிகாரி போடும் தடையை மீறுவது எளிது. பக்கத்து வயல்காரர் முன்னால் ஒப்புக்கொண்டதை மீறுவது கடினம்.

ஊரே முடிவெடுக்க வேண்டும் என்பதை அரசுத் திட்டங்கள் மெதுவாகத்தான் பிடித்தன. 1973-74இல் தொடங்கிய வறட்சிப் பகுதித் திட்டத்தில் துறைகளே இடம் பார்த்தன, துறைகளே வேலை செய்தன. 1994இல் மத்திய அரசு அமைத்த ஹனுமந்த ராவ் குழு பரிந்துரைத்த பிறகே, 1995 வழிகாட்டுநெறிகள் கிராமக் குழுக்களிடம் பொறுப்பைக் கொடுத்தன. தன் நிலத்தில் வரப்பு போடும் விவசாயி செலவில் குறைந்தது 10 சதவீதம் தரவேண்டும் என்றன 2008 நெறிகள். சிறு, குறு விவசாயிகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 5 சதவீதம். பணமாகவும் தரலாம், உழைப்பாகவும் தரலாம். பதிவேட்டில் கையெழுத்து வாங்கிப் ‘பங்கேற்பு’ காட்டுகிற ஊர்களில் இதுவும் வெறும் எழுத்துவேலையாகிவிடுகிறது. ஒழுங்காகச் சேர்ந்த ஊர்களில் இந்தத் தொகை கிராம நிதிக்குப் போய், திட்டம் முடிந்தபின் தடுப்பணையில் தூர்வாரவும் உடைந்த வரப்பைக் கட்டவும் உதவுகிறது.