மலைச்சரிவில் பழைய லேண்ட்மாஸ்டர்: குதிரைவலுவை விடப் பிடிமானம் முக்கியம்

இலங்கை மலைநாட்டில் கந்தப்பளை, இராகலை, வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் கொட்டிலில் துருவேறிக் கிடக்கும் பழைய லேண்ட்மாஸ்டரை (பின்னால் நடந்து ஓட்டும் இரு சில்லு உழவு இயந்திரத்தை) திருத்தி உழவுக்கு இறக்க நினைப்பவர் முதலில் கேட்பது, "எஞ்சின் இழுக்குமா?" என்பதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் கேள்வி இரண்டாம் இடத்துக்குப் போய்விடும்.

20 சென்ரிமீற்றர் அகலமும் 12 சென்ரிமீற்றர் ஆழமும் வெட்டும் ஒற்றைக் கலப்பையை எடுத்துக்கொள்வோம். வெட்டுப்பரப்பு 240 சதுர சென்ரிமீற்றர். நடுத்தர மண் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய அரைக் கிலோ எதிர்ப்புக் கொடுக்கும் என்று வைத்தால், இழுக்க 120 கிலோ விசை வேண்டும். மணிக்கு 2.5 கிலோமீற்றர் வேகத்தில் அந்த இழுவைக்குச் செலவாவது ஒரு குதிரைவலுவுக்குச் சற்றே கூட. சில்லு வழுக்குவது, கியரில் வீணாவது எல்லாம் சேர்த்தாலும் மூன்றைத் தாண்டாது. எஞ்சினோ 12 குதிரைவலு.

தட்டுப்பாடு வேறிடத்தில். ரொட்டவேட்டரை (மண்ணைக் கொத்தும் சுழல்கத்தியை) கழற்றிவிட்டால் இயந்திரத்தின் எடை சுமார் 350 கிலோ. இறுகிய உலர்ந்த மண்ணில் ரப்பர் டயர் தன்மேல் இருக்கும் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இழுக்கும்; அதாவது 160 கிலோ அளவு. மழைக்குப் பின் மண் கனத்து எதிர்ப்பு 0.7 கிலோவுக்கு ஏறினால் அதே கலப்பை 168 கிலோ கேட்கும். அப்போது எஞ்சின் அலட்டிக்கொள்ளாமல் ஓடிக்கொண்டிருக்க, சில்லு மட்டும் நின்ற இடத்தில் குழி தோண்டும். ஆழத்தை 9 சென்ரிமீற்றருக்குக் குறைத்தால் தேவை 126 கிலோவுக்கு இறங்கி வண்டி மறுபடி நகரும். எடையைக் கூட்டுவது அடுத்த வழி. 6.00-12 டயர் ஒன்றில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பினால் 20 லீற்றர் அளவு பிடிக்கும். இரண்டு டயருக்கும் 40 கிலோ. இழுவையில் 18 கிலோ கூடும். சில்லில் இரும்பு வளையம் மாட்டினாலும் இதே பலன்தான். பம்பர் மேலோ கைபிடி மேலோ கல்மூட்டை கட்டுவது மட்டும் வேண்டாம். எடை உயரப் போகப்போகச் சரிவில் கவிழும் ஆபத்தும் கூடும்.

எஞ்சினுக்கு வருவோம். பழைய சீன வண்டிகளில் அதிகம் இருப்பது எஸ் 195 வகை: கிடையாகப் படுத்த ஒற்றைச் சிலிண்டர், 95 மில்லிமீற்றர் விட்டம், 115 மில்லிமீற்றர் வீச்சு. பல வருடம் நின்ற எஞ்சினை எடுத்த எடுப்பில் ஹேண்டில் போட்டுச் சுற்றக்கூடாது. இன்ஜெக்டரைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டீசலும் எஞ்சின் ஒயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் பிளைவீலைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கலாம். பிஸ்டன் விட்டதும், ஊற்றிய எண்ணெய் வெளியேறும் வரை நன்றாகச் சுற்றிவிட்டே இன்ஜெக்டரைப் பூட்ட வேண்டும். உள்ளே எண்ணெய் தேங்கியிருந்தால் அமுக்கத்தில் கனெக்டிங் ராட் வளையும்.

பிறகு அமுக்கச் சோதனை. டிகம்பிரஷன் லீவரை (வால்வைத் திறந்து அமுக்கத்தை விடுவிக்கும் பிடியை) தொடாமல் மெல்லச் சுற்றினால் ஓரிடத்தில் எஞ்சின் முரண்டி, ஸ்பிரிங்போல் திருப்பி உதைக்க வேண்டும். உதைக்காமல் "உஸ்ஸ்" என்று காற்று போனால், காதை வைத்து எங்கே போகிறது என்று கேட்டாலே பாதி வேலை முடிந்தது. காற்று வடிகட்டியில் கேட்டால் உள்வால்வு, சைலன்ஸரில் கேட்டால் வெளிவால்வு, ஒயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங். வால்வு இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது உள்வால்வுக்கு 0.35, வெளிவால்வுக்கு 0.45 மில்லிமீற்றர். ரிங் வாங்க ஓடுமுன் இதைச் சரிபார்த்துவிடுங்கள். இடைவெளியே இல்லாமல் வால்வு திறந்தபடி நின்றாலும் இதே அறிகுறிதான்.

டீசல் தொட்டியின் அடியில் தேங்கிய தண்ணீரையும் துருவையும் கழுவிவிட்டு, முதலில் பம்பில், அடுத்து இன்ஜெக்டர் குழாய் நட்டில் என்று வரிசையாகக் காற்றை வெளியேற்ற வேண்டும். இன்ஜெக்டரைச் சோதனை மேசையில் சதுர சென்ரிமீற்றருக்குச் சுமார் 125 கிலோ அழுத்தத்துக்கு வைத்தால் புகைபோலத் தூவ வேண்டும். நுனியில் சொட்டினால் வெள்ளைப் புகையும் தட்டும் சத்தமும் வரும். தூவும்போது கையைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கரையோரத்தின் ஐந்தில் நான்கு பங்குதான். டேர்போ இல்லாத எஞ்சினுக்குள் போகும் காற்றும் அவ்வளவே. ஆனால் பம்ப் முன்பு வைத்த அதே அளவு டீசலைத்தான் தள்ளும். மலையில் ஓடும் பழைய எஞ்சின் பாரம் ஏறியதும் கரும்புகை கக்குவது இதனால்தான். "இழுவை போதாது" என்று டீசல் திருகைக் கூட்டிவிடும் பழக்கம் எஞ்சினைத் தின்றுவிடும்: எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஒயிலையும் நீர்க்கவைக்கும். குறைக்கத்தான் வேண்டும். ஆறில் ஒரு பங்கு வலு போனாலும் பத்துக் குதிரைவலு மிஞ்சும். கலப்பைக்கு அது தாராளம்.

தொட்டித் தண்ணீர் கொதித்து ஆவியாவதால் குளிரும் எஞ்சின்களில் இன்னொன்று. அந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ஆவி பறப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், மட்டம் குறைவதைத்தான் பார்க்க வேண்டும். தை, மாசி மாத உறைபனிக் காலைகளில் அந்தத் தொட்டியில் சுடுதண்ணீர் ஊற்றிவிட்டுச் சுற்றுவதுதான் மிக எளிய ஸ்டார்ட். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும்; எஞ்சின் திருப்பி உதைத்தால் கையில் சிக்காமல் கழன்றுவிடும்.

சரிவுக்கென்றே உள்ள ஆபத்து காற்று வடிகட்டியின் ஒயில். கோட்டுக்கு மேலே ஊற்றினால் வண்டி சாயும்போது அந்த ஒயில் நேராகச் சிலிண்டருக்குள் போகும். எஞ்சின் அதையே எரித்துக்கொண்டு, டீசலை மூடினாலும் நிற்காமல் வேகமெடுக்கும். டிகம்பிரஷன் லீவரை இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் மடித்த ஈரச்சாக்கால் காற்று வாயை அடைக்க வேண்டும். கையால் அடைக்கவே கூடாது.

எஞ்சினிலிருந்து வலுவைக் கடத்தும் பெல்ட்டுகள் பற்றி ஒரே ஒரு சொல்: மாற்றினால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டு பழசோடு ஒரு புதுசு போட்டால் முழுப் பாரத்தையும் அந்தப் புதுசுதான் சுமக்கும்.

திருப்பு கிளட்சில் நின்று பேச வேண்டியிருக்கிறது. சமதரையில் கைபிடியில் உள்ள இடது கிளட்ச் பிடியை அழுத்தினால் இடது சில்லுக்கு வலு போகாது, வலது சில்லு தள்ள, வண்டி இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் நிலைமை தலைகீழ். அப்போது எஞ்சின் சில்லைத் தள்ளுவதில்லை, பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. இடது பிடியை அழுத்தியதும் இடது சில்லு எஞ்சினின் தடுப்பிலிருந்து விடுபட்டு உருண்டோட, வலது சில்லு தேங்கும். வண்டி வலப்பக்கம் பாயும். டிரெயிலர் பின்னால் தள்ளினால் இன்னும் வேகமாக. மெல்லிய இறக்கத்தில் எஞ்சின் தள்ளுகிறதா பிடிக்கிறதா என்று சொல்லவே முடியாது. அங்கே பிடியைத் தொடாமல் கைபிடியையே பக்கவாட்டில் தள்ளித் திருப்ப வேண்டும். நியூட்ரலில் இறக்கினால் பிடித்து நிறுத்தவும் எதுவும் இல்லை. ஆகவே பழைய வண்டியில் பிரேக்கையும், இந்தக் கிளட்ச் பற்கள் தேய்ந்து தானாகக் கழல்கின்றனவா என்பதையும் எஞ்சினைத் தொடுவதற்கு முன்பே பார்ப்பது நல்லது. கியர் ஒயில் பால்நிறமாக இருந்தால் சீல் போய்த் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

மலைத் தோட்டத்துக்கு இருபுறமும் திருப்பும் கலப்பைதான் சரி. ரொட்டவேட்டர் மண்ணை மாவாக்கிவிடும்; அடுத்த மழையில் அது ஓடைக்குப் போகும். தவிர, அதன் கத்திகள் சில்லு சுழலும் திசையிலேயே சுழல்வதால் வண்டியை முன்னே தள்ளும். இறக்கத்தில் அது வேண்டாத உதவி.

சாய்வுக்குக் குறுக்கே, சமவுயரக் கோட்டில், மேல் வரப்பிலிருந்து தொடங்கி மண்ணை எப்போதும் மேல்பக்கம் புரட்டிக்கொண்டு கீழே இறங்கி வர வேண்டும். ஒவ்வொரு வரிசை முடிவிலும் கலப்பையை மறுபுறம் திருப்பினால் போதும். மண் இறங்காமல் தடுப்பது இதன் ஒரு பயன். மற்றது அவ்வளவாகக் கண்ணில் படாது. இப்படி உழும்போது திறந்த சால் (கலப்பை வெட்டிய பள்ளம்) எப்போதும் வண்டியின் மேல்பக்கம் இருக்கும். மேட்டுச் சில்லு அதற்குள் 12 சென்ரிமீற்றர் இறங்கி ஓடும். சில்லுகளுக்கிடையே 80 சென்ரிமீற்றர் என்றால், 15 சதவீதச் சாய்வை அந்தச் சால் ஒன்றே சமன்செய்து வண்டியை நிமிர்த்திவிடும். கீழிருந்து தொடங்கி மண்ணைக் கீழே தள்ளினால் பள்ளத்துச் சில்லு சாலில் விழுந்து, இருக்கும் சாய்வு இரட்டிப்பாகும். அதே வண்டி, அதே நிலம், ஒன்றில் நிமிர்கிறது, மற்றதில் கவிழப் பார்க்கிறது.

கலப்பை மண்ணில் இறங்காமல் வழுக்கினால் கொழுவைக் கவிழ்த்து, அடியில் நேர்மட்டக் கம்பி ஒன்றை வைத்துப் பாருங்கள். நுனிக்கும் பின்முனையான குதிக்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீற்றர் குழிவு இருக்க வேண்டும். கல் நிறைந்த நிலத்தில் நுனி தேய்ந்து அந்தக் குழிவு போய்விட்டால் கலப்பை மேலேதான் வரும். பட்டறையில் காய்ச்சி நுனியை அடித்து நீட்ட வேண்டும், அல்லது புதுக்கொழு. டயரின் அம்புக்குறிப் பற்களும் கூர்முனை முதலில் மண்ணைத் தொடும்படி மாட்டப்பட்டிருக்க வேண்டும். பழுதுபார்க்கும்போது இடது வலது மாறிவிடுவது சாதாரணம்.

புரட்டிய மண் மேலே நிற்காமல் திரும்பச் சரிந்து வெட்டிய சால் மூடிக்கொண்டால், அந்தத் துண்டு இந்த வேகத்தில் உழக்கூடிய சாய்வைத் தாண்டிவிட்டது. அங்கே மண்வெட்டிதான். உழக்கூடிய தட்டிலும் வரப்பு ஓரத்தில் திரும்புவதற்கு இரண்டு மீற்றராவது உழாமல் விட்டு, அதைக் கடைசியில் கையால் கொத்திவிடுங்கள்.