மன்னிப்பு உண்டு, அதோடு முடிந்துவிடுவதில்லை

சிறை ஊழியத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்: "ஐயா, கொலை செஞ்சவனை ஆண்டவர் மன்னிப்பாரா?"

மன்னிப்பார். உண்மையாய் மனந்திரும்புகிற யாருக்கும் அந்தக் கதவு அடைக்கப்படவில்லை. இயேசுவின் விசுவாசியான ஸ்தேவான் கல்லெறியுண்டு செத்தபோது அதற்குச் சம்மதித்து நின்ற சவுல்தான் பிற்பாடு அப்போஸ்தலனாகிய பவுல். என் கவலை வேறு. இந்தப் பதிலைக் கேட்டதும் சிலருடைய முகத்தில், 'அப்பாடா, விஷயம் முடிந்தது' என்கிற நிம்மதி தெரிகிறது. வெளியே சபைகளிலும் அதே நிலைதான். மனம் மாறியவருக்குச் சாட்சி சொல்ல மேடை கிடைக்கிறது; செத்தவரைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. வேதம் அப்படி வாயை மூடிக்கொள்வதில்லை. அண்ணன் காயீன் கொன்ற ஆபேலின் இரத்தம் பூமியிலிருந்து கூப்பிடுகிறது என்று அதன் நான்காம் அதிகாரத்திலேயே சொல்லிவிடுகிறது.

கொலை ஏன் இவ்வளவு பாரமான பாவம்? மனுஷன் தேவசாயலில் உண்டாக்கப்பட்டவன் என்று ஆதியாகமம் 9:6 காரணம் சொல்கிறது. மோசேயின் சட்டத்தில் திருட்டுக்கு ஈடு கட்டலாம். முட்டுகிற மாடு என்று தெரிந்தும் கட்டிவைக்காமல் விட்டு, அது ஒருவரைக் கொன்றால்கூட, சொந்தக்காரன் மீட்கும்பொருள் கொடுத்துத் தப்ப வழி இருந்தது. மனமறிந்து செய்த கொலைக்கு மட்டும் மீட்கும்பொருள் வாங்கவே கூடாது என்கிறது எண்ணாகமம் 35. கைதவறிக் கொன்றவன் பழிவாங்க வருகிறவனுக்குத் தப்பி ஓடிப்போய்த் தங்க ஆறு அடைக்கலப்பட்டணங்கள் இருந்தன. ஆனால் அவனும் பிரதான ஆசாரியன் மரிக்கும்வரை அங்கேதான் கிடக்க வேண்டும்.

தாவீதின் வரலாற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வேன். தான் தவறாய்ச் சேர்ந்த பெண்ணின் கணவனான போர்வீரன் உரியாவைச் சாகவிடும்படி, படைத்தலைவன் யோவாபுக்கு எழுதிய நிருபத்தை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பினார் தாவீது. பட்டயத்தை, அதாவது வாளை, அவர் தொடவில்லை, வெட்டியது எதிரிகள். ஆனாலும் கொன்றது நீ என்றுதான் நாத்தான் தீர்க்கதரிசி ராஜாவின் முகத்துக்கு நேரே சொன்னார். "என் கையால நடக்கலையே ஐயா" என்று சொல்கிறவர்களுக்கு, ஆளை ஏவினவர்களுக்கு, இடத்தைக் காட்டிக்கொடுத்தவர்களுக்கு, இதைவிடத் தெளிவான பகுதி வேறில்லை. "கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவம் செய்தேன்" என்று தாவீது ஒத்துக்கொண்ட உடனே மன்னிப்பும் கிடைக்கிறது: நீர் சாவதில்லை. பட்டயம் உன் வீட்டைவிட்டு விலகாது என்ற வார்த்தை மட்டும் திரும்பப் பெறப்படவில்லை. மகன் அம்னோன் கொலையுண்டு போனான், இன்னொரு மகன் அப்சலோமும் அப்படியே போனான்.

இதை வைத்துக்கொண்டு, கொலை செய்தவரின் பிள்ளைகளைச் சாபம் பிடித்தவர்கள் என்று பேசுவது கொடுமை. தகப்பனுடைய அக்கிரமத்தைக் குமாரன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18 பட்டவர்த்தனமாகச் சொல்கிறது.

ஆதித் திருச்சபையும் இதை லேசாக விடவில்லை. 314-ல் கூடிய அங்கீரா சங்கம் என்ற ஆயர்கள் கூட்டம், வேண்டுமென்று கொன்றவருக்கு வாழ்நாளின் முடிவில்தான் திருவிருந்து என்றது. அதே நூற்றாண்டில் பேராயர் பசிலியு வகுத்த விதி 20 ஆண்டு. அதில் முதல் நான்கு ஆண்டு கோவில் வாசலுக்கு வெளியே நின்று, உள்ளே போகிறவர்களிடம் தனக்காக ஜெபிக்கும்படி அழுது கேட்க வேண்டும். 390-ல் தெசலோனிக்கேயில் நடந்த படுகொலைக்காகப் பேரரசர் தியோடோசியுவையே வெளிப்படையாய் மனந்திரும்ப வைத்தார் ஆயர் அம்புரோசு. அந்த விதிகளை அப்படியே திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் போன உயிருக்குரிய கனத்தை அவர்கள் கொடுத்தார்கள்.

ஒருவர் தான் கொன்ற மனிதரின் மனைவிக்கு எழுதிய கடிதத்தை என்னிடம் காட்டினார். (அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன்.) ஆண்டவர் தன்னைச் சந்தித்தது, இப்போது நிம்மதியாகத் தூங்குவது, எல்லாம் இருந்தது. கடைசியில், "ஆண்டவரே மன்னித்துவிட்டார், நீங்களும் மன்னிக்க வேண்டும்." செத்தவரைப் பற்றி ஒரு வரி கிடையாது. அனுப்ப வேண்டாம் என்றேன். கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். சில வாரம் கழித்து வந்தவர், வேறொன்று சொன்னார்: "முதலில் கத்தியை எடுத்தது அவரல்ல, நான்தான்." இறந்தவர்தான் முதலில் தாக்க வந்தார் என்று அதுவரை எல்லாரிடமும் சொல்லிவந்திருக்கிறார். அதை எழுதி வக்கீலிடம் கொடுத்தார். செத்தவர்மேல் சுமத்திய பழி நீங்கியது. அவர் மனந்திரும்பியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

சபையாருக்கும் ஒரு வேண்டுகோள். உயிரைப் பறிகொடுத்த வீட்டுக்குப் போய் "மன்னித்துவிடுங்கள்" என்று நெருக்காதீர்கள். அது அவர்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ளது. எப்போது, எப்படி என்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னும் முக்கியமானது, நடப்பதற்கு முன் உள்ள நாட்கள். காயீனிடம் ஆண்டவர் கொலைக்குப் பிறகு மட்டும் பேசவில்லை, முன்னாலேயே பேசினார். ஏன் எரிச்சல், பாவம் வாசற்படியில் படுத்திருக்கிறது என்று எச்சரித்தார். "அந்த நேரத்துல கண்ணு தெரியல" என்றுதான் பலரும் ஆரம்பிப்பார்கள். பொறுமையாகக் கேட்டால் மாதக்கணக்கில் ஊறிய பகை வெளியே வரும். சகோதரனைப் பகைக்கிறவன் கொலைபாதகன் என்று யோவான் எழுதியது மிகைப்பேச்சு அல்ல.

அப்படி ஒருவர்மேல் பகை ஊறிய நிலையில் இதை வாசிப்பவராக இருந்தால், கைக்கெட்டும் ஆயுதத்தை இன்றைக்கே வேறொருவரிடம் கொடுங்கள். குடியை நிறுத்துங்கள், அந்த ஆளைச் சந்திக்கும் இடத்துக்குப் போகாதீர்கள், யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவர் "அவனை முடிச்சிடுவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தால், கோபத்தில் பேசுகிறார் என்று விட்டுவிடாதீர்கள். மிரட்டப்படுகிறவருக்கும் போலீசுக்கும் தெரிய வேண்டும். என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவேன்: எதைச் சொன்னாலும் ரகசியமாக வைப்பேன், ஒருவரைக் கொல்லப்போவதாகச் சொன்னால் மட்டும் வைக்கமாட்டேன்.