ஒற்றைக் கைக்குச் சுழலும் எஃகுக் கனசதுரம்

அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில், மிச்சிகன் பல்கலைக்கழக வளாகத்தில், ஒரு மூலையை ஊன்றி நிற்கிறது ஓர் எஃகுக் கனசதுரம். டோனி ரோசன்தால் என்ற சிற்பியின் ஆக்கம், 1968இல் நிறுவப்பட்டது. உயரம் ஏறத்தாழ 15 அடி, எடை ஒரு டன்னுக்கு மேல். மாணவி ஒருத்தி தனியாகத் தள்ளினாலே சுழன்றுவிடும். பல்கலைக்கழகத் தலைவர் காலையில் அதைச் சுற்றிவிட்டால்தான் அன்றைய வேலைகள் தொடங்கும் என்று ஒரு கதையும் உண்டு.

பாலக்காட்டுக்காரர்கள் இதை எளிதில் நம்பமாட்டார்கள். கல்பாத்தித் தேரை நகர்த்த ஊரே வடம் பிடிக்கிறது. அதுவும் போதாமல் பின்னாலிருந்து யானை முட்டித் தள்ளுகிறது. தேரின் எடை மட்டும் இதற்குக் காரணமல்ல. உராய்வு எந்த இடத்தில் நடக்கிறது, தள்ளும் கை அங்கிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே முக்கியம்.

இதே சிற்பி 1967இல் நியூயார்க்கின் ஆஸ்டர் பிளேஸில் நிறுவிய கனசதுரத்தைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். பக்கம் 8 அடி, எடை சுமார் 820 கிலோ. நடுவில் நிற்கும் தண்டின் ஆரம் 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரிங் இல்லாமல் உலோகத்தின் மேல் உலோகம் தேய்ந்தால், அந்த 5 சென்டிமீட்டரில் தடை சுமார் 250 கிலோ. ஆனால் கை படும் மூலையோ அச்சிலிருந்து 2 மீட்டர் தொலைவில் இருக்கிறது. நெம்புகோல் நாற்பது மடங்கு! கைக்கு வருவது ஆறு கிலோவைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். உருளை பேரிங் வைத்தால் நூறு கிராம் அளவுக்கு இறங்கிவிடும்.

மூலையில் நிறுத்தியதன் அழகும் இங்கேதான். அப்படி நிற்கும் கனசதுரத்தின், ஊன்றிய மூலைக்கு அடுத்து மேலே உள்ள மூன்று மூலைகளும் அதன் உயரத்தில் சரியாக மூன்றில் ஒரு பங்கில், அச்சிலிருந்து மிக விலகி நிற்கும். பீடத்தின் உயரத்தையும் சேர்த்தால், ஏறக்குறைய ஆளின் தோள்மட்டம். எங்கே பிடித்தால் பலன் அதிகமோ அங்கேயே கை தானாகப் போய் நிற்கிறது. இன்னொரு வியப்பு: தட்டையாக நிறுத்தினாலும் மூலையில் நிறுத்தினாலும், மையத்தின் வழியே போகும் எந்த அச்சைப் பற்றியும் கனசதுரத்தின் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழல வைக்கும்போது அது காட்டும் மந்தம், ஒன்றே. சிற்பி மூலையைத் தேர்ந்ததால் சுழற்றுவது கடினமாகவில்லை; நெம்புகோல்தான் நீண்டது.

ஆனாலும் உள்ளீடற்ற பெட்டியில் எடை முழுதும் ஓரங்களில் இருப்பதால் தொடக்கத்தில் மந்தமாகத்தான் நகரும். பத்து கிலோ விசையில் மூன்று நொடி தள்ளினால், கால் நிமிடத்துக்கு ஒரு சுற்று என்ற வேகம் வரும். அந்த மந்தம் எனக்குப் பிடித்தது. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து தள்ளத் தோன்றுவது அதனால்தான்.

காற்று இதைச் சுழற்றிக்கொண்டே இருக்காது. காற்றாலை இறகுபோல ஒரே பக்கம் சாய்ந்த அமைப்பு இதில் இல்லை. பாலக்காட்டுக் கணவாயின் ஆடிக்காற்றில்கூடச் சற்று அசையலாம், அவ்வளவே.

உண்மையான எதிரி தேய்மானம். ஆஸ்டர் பிளேஸ் கனசதுரம் சுழலாமல் நின்றுவிட, 2023இல் கழற்றிக் கொண்டுபோய்ப் பழுதுபார்த்து, அதே ஆண்டில் மீண்டும் நிறுவினார்கள். கஞ்சிக்கோட்டில் எஃகு ஆலைகள் இருக்கின்றன, பாலக்காடு ஐஐடி வளாகமும் அந்தப் பக்கம்தான். அங்கே இப்படி ஒன்று நிற்கவேண்டும் என்பது என் ஆசை. லாரிச் சக்கரத்தில் போடும் கூம்பு உருளை பேரிங் மேலிருந்து வரும் எடையையும் பக்கவாட்டுத் தள்ளலையும் சேர்த்தே தாங்கும். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் ஆண்டுதோறும் கிரீஸ் மாற்றி, தண்ணீர் புகாத சீலையும் சரிபார்த்துவிட்டால் போதும்.