கார்களில் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு: கட்டாய விதி எதைக் கேட்கிறது, எதைக் கேட்பதில்லை

வளைவிலோ திடீர்த் திருப்பத்திலோ கார் ஓட்டுநரின் பிடியை விட்டு விலகத் தொடங்கும்போது, அவர் பிரேக்கை மிதிக்காமலேயே தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து வண்டியை வழிக்குக் கொண்டுவரும் ஏற்பாடுதான் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு. சுருக்கமாக இதை இ.எஸ்.சி. என்பார்கள். 1995இல் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் 600 கூபேயில் பாஷ் நிறுவனத்தின் தயாரிப்பாக வந்த இது, பல ஆண்டுகள் விலை உயர்ந்த கார்களுக்கு உரிய வசதியாகவே இருந்தது. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2007 ஏப்ரலில் 126 என்ற எண்ணுள்ள பாதுகாப்புத் தரத்தை வெளியிட்டு, சுமையோடு சேர்த்து 4,536 கிலோ வரை எடை அனுமதிக்கப்பட்ட கார்களுக்கும் இலகுரக வாகனங்களுக்கும் இதைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. 2011 செப்டம்பர் முதல் அது முழு அளவில் நடைமுறைக்கு வந்தது. 2008இல் ஐ.நா. அமைப்பின் கீழ் உருவான உலகளாவிய தொழில்நுட்ப விதி எண் 8 பெரும்பாலும் அதே அளவுகோல்களைக் கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 நவம்பரில் புதிய மாடல்களுக்கும் 2014 நவம்பரில் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயம் வந்தது.

இந்த விதி இரண்டு வகையில் கேட்கிறது: வண்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது ஒன்று, சோதனைத் தடத்தில் வண்டி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. முதல் வகையில், நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியே பிரேக் விசை கொடுக்க முடிய வேண்டும். வண்டி தன் செங்குத்து அச்சைச் சுற்றி எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை அளக்க வேண்டும். அது பக்கவாட்டில் எவ்வளவு சறுக்குகிறது என்பதைக் கணிக்க வேண்டும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம், எவ்வளவு திருப்புகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். தேவைப்பட்டால் எஞ்சினின் இழுவிசையைக் குறைக்கவும் முடிய வேண்டும். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்திலும் இ.எஸ்.சி. தலையிடும் நிலையில் இருக்க வேண்டும். மிகக் குறைந்த வேகத்துக்கும் பின்னோக்கி ஓட்டுவதற்கும் விலக்கு உண்டு.

விதியின் உண்மையான பலம் சோதனையில்தான் இருக்கிறது. நன்றாகப் பிடிக்கும் காய்ந்த தளத்தில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு உருளும் காரின் ஸ்டீயரிங்கை மனிதக் கை அல்ல, ஓர் இயந்திரம் திருப்புகிறது. முதலில் ஒரு பக்கம், உடனே எதிர்ப்பக்கம், அங்கே அரை நொடி நிறுத்தம், பின் நேர்நிலை. எல்லாம் ஏறக்குறைய இரண்டு நொடிக்குள் முடிந்துவிடுகின்றன. தடையைக் கண்டு பதறி விலகி மறுபடி பாதைக்குத் திரும்பும் ஓட்டுநரின் கை செய்வதும் இதுதான். ஒவ்வொரு முறையும் திருப்பும் கோணத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். ஸ்டீயரிங் நேரான பிறகு 1 நொடி கழித்து வண்டியின் சுழல் வேகம், எதிர்ப்பக்கம் திருப்பியபோது பதிவான உச்ச அளவில் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 1.75 நொடியில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இதை மட்டும் கேட்டிருந்தால் உற்பத்தியாளர்களுக்கு ஒரு குறுக்கு வழி இருந்திருக்கும்: ஸ்டீயரிங்குக்கு வண்டி சரியாகத் திரும்பாதபடி மந்தமாக்கிவிட்டால் அது சுழலவே சுழலாது, ஆனால் தடையிலிருந்து விலகவும் விலகாது. அதனால் பெரிய திருப்பங்களில், ஸ்டீயரிங் திரும்பத் தொடங்கிய 1.07 நொடிக்குள் கார் குறைந்தது 1.83 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. எடை வரம்பு 3,500 கிலோவுக்கு மேற்பட்டால் இது 1.52 மீட்டர். விதியை எழுதியவர்கள் பொறியாளர்களின் மனத்தை நன்றாகவே அறிந்திருந்தார்கள் என்பது இந்த நிபந்தனையில் தெரிகிறது.

ஆனால் ஓர் இடைவெளி இருக்கிறது. மேற்சொன்ன சோதனை, பின்பக்கம் வெளியே வீசிக்கொண்டு போகும் ஓவர்ஸ்டீயரை அளக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பியும் முன்சக்கரங்கள் நேராகவே வழுக்கிச் செல்லும் அண்டர்ஸ்டீயருக்கு இத்தகைய எண் அளவுகோல் எதுவும் இல்லை. அதைக் கட்டுப்படுத்தும் திறன் வண்டியில் இருக்க வேண்டும் என்பதோடு விதி நின்றுவிடுகிறது. ஆகவே ஒரே விதியில் தேறிய இரண்டு கார்கள் ஈரச் சாலையில் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று எண்ணிவிட முடியாது.

வாகனம் வாங்கியவருக்கு நேரடியாகப் பயன்படுவது டாஷ்போர்டில் உள்ள மஞ்சள் விளக்கு. அமைப்பில் கோளாறு இருந்தால், இக்னிஷன் போட்டிருக்கும் வரை அந்த விளக்கு தொடர்ந்து எரிய வேண்டும் என்பது கட்டாயம். ஓட்டும்போது சிறிது நேரம் மினுக்கி அணைவது, பெரும்பாலும் அமைப்பு அப்போது தலையிட்டதைக் குறிக்கும். அது கோளாறு அல்ல. இ.எஸ்.சி.யை அணைக்க ஒரு பொத்தான் வைக்க விதி அனுமதிக்கிறது, சேற்றிலும் மணலிலும் சக்கரம் சிக்கிக்கொண்டால் அது உதவும். ஆனால் வண்டியை அணைத்து மறுபடி கிளப்பும்போது அமைப்பு தானாகவே இயங்கும் நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். சில நான்கு சக்கர இழுவை நிலைகளுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு.

அதிர்வைத் தணிக்கும் விசையை மாற்றிக்கொள்ளும் சஸ்பென்ஷன், பின்சக்கர ஸ்டீயரிங், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் அமைப்பு போன்ற மற்ற மின்னணுச் சேசிஸ் வசதிகளை இந்த விதி கேட்பதில்லை. அவை உற்பத்தியாளரின் விருப்பம்.

விதி புதிய வண்டியைத்தான் சோதிக்கிறது. தேய்ந்த டயரை அல்ல. டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள பிடிப்பை மின்னணுவால் கூட்ட முடியாது, இருப்பதைப் பங்கிட்டுத் தர மட்டுமே முடியும். வீல் அலைன்மென்ட் செய்த பிறகோ ஸ்டீயரிங் பாகங்களைக் கழற்றி மாட்டிய பிறகோ மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கினால், ஸ்டீயரிங் கோண சென்சாரின் பூஜ்ய நிலையை மறுபடி பதிவு செய்யாமல் விட்டிருக்கலாம்; பணிமனையில் இதை முதலில் சரிபார்க்கச் சொல்வது நல்லது.