ஐக்யூ டெஸ்டுன்னு சொன்னதும் பயந்துடாதீங்க: டிஸ்லெக்ஸியா சர்டிபிகேட் எப்படி வாங்கறது

எங்க அக்கா பையனுக்கு 9 வயசு. வாயால கேட்டா டக்குனு பதில் சொல்வான், எழுதச் சொன்னா ஒரு வரிக்குள்ள மூணு தப்பு. ஸ்கூல்ல சோம்பேறின்னாங்க. ஆஸ்பத்திரியில ஐக்யூ டெஸ்ட் எடுக்கணும்னதும் அக்கா அழுதுட்டா, புள்ளைக்கு புத்தி கம்மின்னு எழுதிக் குடுத்துடுவாங்களோன்னு. இந்த பயத்துலயே பாதியில விட்டவங்களை எனக்குத் தெரியும்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல சொல்ற 21 வகையில கற்றல் குறைபாடும் ஒண்ணு. படிக்கறதுல (இதைத்தான் டிஸ்லெக்ஸியான்னு சொல்றாங்க), எழுதறதுல, கணக்குல வர்ற தடுமாற்றம் எல்லாம் இதுல அடக்கம். 2018 ஜனவரியில மத்திய அரசு வெளியிட்ட வழிமுறைப்படி 8 வயசு ஆனாத்தான் சர்டிபிகேட். முதல்ல குழந்தை டாக்டர் கண்ணு, காது, நரம்பு பாப்பாரு, அப்புறம் சைக்காலஜிஸ்ட் ஐக்யூ எடுப்பாங்க, அது 85க்கு மேல வந்தா பெங்களூர்ல இருக்கற மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் தயாரிச்ச டெஸ்ட் வெச்சு படிப்பு, எழுத்து, கணக்கு பாப்பாங்க. அதாவது புள்ளைக்கு புத்தி நல்லாத்தான் இருக்கு, எழுத்துலதான் சிக்கல்னு காட்டத்தான் அந்த ஐக்யூ டெஸ்டே. 2024ல இந்த வழிமுறையைத் திருத்தியிருக்காங்க, அதனால இப்ப என்ன முறைன்னு ஆஸ்பத்திரியில ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லாரும் மொத்த ஐக்யூங்கற அந்த ஒரே ஒரு நம்பரைத்தான் பாக்கறாங்க, அது போதாது. நம்மூர் குழந்தைகளுக்கு எடுக்கற மிசிக்ங்கற ஐக்யூ டெஸ்ட்ல பல பிரிவு இருக்கு. எங்க பையன் சிவப்பு வெள்ளை கட்டையை அடுக்கி டிசைன் பண்ணச் சொன்னப்போ கடகடன்னு முடிச்சுட்டான், ஆனா நாலு நம்பரைச் சொல்லி பின்னாடியிருந்து திருப்பிச் சொல்லுன்னா ரெண்டாவதுலயே நின்னுட்டான். கற்றல் குறைபாடு உள்ள நிறைய குழந்தைகளுக்கு கணக்கு, கோடிங் (கம்ப்யூட்டர் கோடிங் இல்ல, குறியைப் பாத்து வேகமா எழுதறது), பொது அறிவு, நம்பர் ஞாபகம் இந்த நாலும் இறங்கியிருக்கும்னு ரொம்ப நாளாவே சொல்லிட்டு வர்றாங்க. எல்லா குழந்தைக்கும் அப்படி வராது, அதை மட்டும் வெச்சு டிஸ்லெக்ஸியான்னு முடிவு பண்ணவும் கூடாது. ஆனா இந்த நாலும் சேர்ந்து மொத்த நம்பரையே கீழ இழுத்துடும், 85க்குக் கொஞ்சம் கம்மியா வந்தா அங்கேயே கதவை சாத்திடுவாங்க. அப்படி ஆச்சுன்னா பிரிவு பிரிவா மார்க் என்னன்னு விளக்கச் சொல்லுங்க, கேக்கறதுக்குத் தயங்கவே தயங்காதீங்க.

சர்டிபிகேட் இருந்தா என்ன கிடைக்கும்னா, சட்டத்தோட 17வது பிரிவுலயே கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஸ்க்ரைப், ரெண்டாவது மூணாவது மொழிப்பாடத்துல விலக்கு எல்லாம் இருக்கு. பப்ளிக் எக்ஸாம்ல 3 மணி நேர பேப்பருக்கு சிபிஎஸ்இயில 1 மணி நேரம் கூடுதலா தர்றாங்க. அப்ளிகேஷன் யூடிஐடிங்கற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வெப்சைட்லயே போடலாம்.

ஒண்ணு மறந்துடாதீங்க, 2018 முறைப்படி 14 வயசுலயும் 18 வயசுலயும் மறுபடி டெஸ்ட் எடுக்கணும், 18ல வாங்கறதுதான் ஆயுசுக்கும் செல்லும். 14ங்கறது சரியா ஒம்பதாவது பத்தாவது சமயம், எக்ஸாம் நெருங்கினப்புறம் அலையாம ஒம்பதாவதுலயே புதுப்பிச்சு ஹெட்மாஸ்டர் கையில ஒரு காப்பி குடுத்துடுங்க.